சிவப்புப் புள்ளிக்கு இந்தப் பக்கம்

இன்று மாலை மோகனூரில் கல்யாண மண்டபத்து மேடையில் சவுண்டு மிக்சரின் மூடியைத் திறந்ததும் கண்ணில் பட்டது உன் நெயில் பாலிஷ்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. என் மைக்குக்கான மானிட்டர் குமிழின் ஓரத்தில் நீ வைத்த சிவப்புப் புள்ளி மட்டும் அப்படியே இருக்கிறது.

"இதத் தாண்டுனா மைக் கூவும் புள்ள. என்னையக் கேக்காமத் தாண்டாத" என்று சொல்லிவிட்டு, மீதியை உன் கட்டைவிரல் நகத்தில் பூசிக்கொண்டாய். இனி யாரைக் கேட்பது?

பாப்பா பிறந்த பிறகு எனக்கு இதுதான் முதல் மேடை. நம் குழுவை நடத்தும் கீபோர்டு அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார்: "இன்னைக்குப் பாடிப் பாரு அம்மிணி. சரிப்பட்டா வா. இல்லீன்னா நான் வேற புள்ளையப் பாக்கோணும்." என் மாமியார் வேறு விதமாகச் சொன்னார்: "பாப்பா அழுதா பாதிப் பாட்டா இருந்தாலும் எறங்கிரோணும். அப்பறம் பாட்டே வேண்டாம், சொல்லிப்போட்டேன்." பாப்பாவின் அப்பா போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே இருக்கிறார். அத்தை துணைக்கு வராவிட்டால் எனக்கு மேடை இல்லை.

நம் குரல் நமக்கே கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் பெட்டிகளைத் தூக்கும்போது செவ்வாய்ப்பேட்டை வரவேற்பு ஞாபகம் வந்தது. கல்லூரி முடித்த கையோடு நாம் இருவரும் சேர்ந்து பாடிய முதல் கல்யாணம். அன்றிலிருந்தே மிக்சர் உன் பொறுப்பு. என் புதுச் சேலையை மறைக்கிறது என்று நான்தான் பெட்டியை ஓரமாகத் தள்ளினேன். முதல் வரியிலேயே மைக் கூவியது. பயந்து உள்ளங்கையால் மைக்கைப் பொத்தினேன். அது இன்னும் கத்தியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தே போய்விட்டார்.

"கைய எடுடி! பொத்துனா அது அடங்காது, இன்னும் கத்தும்" என்று ஓடி வந்து, பெட்டியைக் காலாலேயே நகர்த்தி எனக்கு நேர் எதிரே வைத்தாய். "மைக்கோட மூஞ்சி உன்னையப் பாக்கோணும், வாலு பெட்டியப் பாக்கோணும். அவ்வளவுதான். சேலையக் கல்யாணப் பொண்ணு காட்டிக்குவா, நீ பாடு."

நம்மிடம் இருப்பது சின்ன மிக்சர். இரண்டு மானிட்டருக்கும் ஒரே சத்தம்தான் போகும். ஒருவருக்கு ஏற்றினால் எல்லோர் காதிலும் ஏறும். கீபோர்டு அண்ணன் தனக்குக் கேட்கவில்லை என்பார், ரிதம் பேட் வாசிக்கும் தம்பி தனக்கு என்பான், நான் எனக்கு என்பேன். "ஆளாளுக்கு ஏத்து ஏத்துன்னா எங்க ஏத்தறது, ஏற்காட்டுக்கா?" என்று ஒருநாள் கத்தினாய். பிறகு என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாய்: "உனக்கு நீ கேக்கலீன்னா உன்னைய ஏத்தாத. மத்ததக் கொறை."

காய்ச்சல் என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்கள் உயிரோடு திரும்பக் கூட்டிவரவில்லை. எனக்கு அப்போது நிறைமாதம். "வயித்துப்புள்ளக்காரி எழவு ஊட்டுக்குப் போகக் கூடாது சாமி" என்று அத்தை வாசல் கதவைச் சாத்திவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார். உன் முகத்தை நான் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, இன்று பெட்டியை வைத்து முடித்ததும், சரியா என்று கேட்க என்னை அறியாமல் மிக்சர் பக்கம் திரும்பினேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலி காலியாக இருந்தது.

முதல் பாட்டில் என் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. பெட்டி சரியான இடத்தில்தான் இருந்தது. என் காதுதான் அங்கே இல்லை. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் அத்தை மடியில் இருந்த பாப்பாவின் அழுகையைத் தேடிக்கொண்டிருந்தது. இது அவள் குரலா, வேறு குழந்தையா? பசியா? ஸ்ருதி விலகுவதை அண்ணனின் முகத்தில் பார்த்தேன். இடையிசையில் மிக்சருக்குப் போய் என் குமிழைத் திருப்பினேன். உன் புள்ளியைத் தாண்டினேன்.

கூவியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கூவலுக்கு மேலே பாப்பாவின் வீறல் கேட்டது. சந்தேகமே இல்லை, அவள்தான். கை தானாக மைக்கைப் பொத்தப் போனது. பாதியில் நிறுத்தினேன். இறங்கி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடியிருந்தால் இன்றோடு முடிந்திருக்கும்.

குமிழைப் புள்ளிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்தேன். பிறகு மானிட்டரில் கீபோர்டைக் குறைத்தேன், பேடைக் குறைத்தேன். "அம்மிணி, என்ற கீபோர்டப் போயிக் கொறைக்கிற!" என்றார் அண்ணன். "ஒரு பாட்டு பொறுத்துக்கங்கண்ணா" என்றேன். நீ அவரை அதட்டுகிற மாதிரியே இருந்தது என் குரல்.

சரணத்தில் நான் எனக்குக் கேட்டேன். என் மூச்சுகூடக் கேட்டது. பாப்பாவின் அழுகை தேய்ந்து, விக்கலாகி, அத்தை சாவிக்கொத்தை ஆட்டும் சத்தத்தில் அடங்கியது. அத்தை என்னை இறங்கச் சொல்லிக் கை காட்டவில்லை. பாடி முடித்தேன்.

வண்டியில் திரும்பும்போது அண்ணன் சொன்னார்: "அடுத்தது வெண்ணந்தூர். மானிட்டர நீயே வெச்சிரு." நான் அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தைதான் பேசினார். "புள்ள அழுதது உன்ற பாட்டுக்கில்ல, அந்தக் கூவலுக்கு. அதக் கூவாம வெக்கப் பாரு. வெண்ணந்தூருக்குப் பாப்பாவுக்குக் காது மூடற குல்லா எடுத்துக்கோணும்."

இதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

இப்போது வீடே தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அந்தச் சத்தம் அவள் காதை ஏதாவது செய்திருக்குமோ என்று தொட்டிலருகே போய் மெதுவாக விரலைச் சொடுக்கினேன். தூக்கத்திலேயே முகம் சுளித்தாள். கேட்கிறது. திரும்பி வந்து படுத்ததும் அடுத்த பயம்: மூச்சு விடுகிறாளா? ஃபேன் இரைச்சலில் ஒன்றும் தெரியவில்லை. முன்பென்றால் எழுந்து எழுந்து போய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து, அவளையும் எழுப்பிவிடுவேன்.

இன்று எழுந்து, ஃபேனைக் குறைத்து ஒன்றில் வைத்தேன். கழுத்தெல்லாம் வேர்க்கிறது. இங்கே உட்கார்ந்து எழுதும்போதே அவள் மூச்சு எனக்குக் கேட்கிறது.