பதினொன்றாம் எண்

செப்டம்பர் 8
சின்ன மெஷின் சேலத்துக்கு வந்து ஒரு வாரம். மூளை எந்த இடத்தில் எவ்வளவு சர்க்கரையை எரிக்கிறது என்று படம் பிடிக்கும். எங்கள் ஸ்கேன் சென்டரில் மூளைக்கென்றே இருக்கும் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் இது வெறும் ஹெல்மெட். விலை நாலில் ஒரு பங்கு. இரண்டும் ஒரே படத்தைக் காட்டுமா என்று ஒப்பிடுவது என் வேலை. காட்ட வேண்டும். காட்டினால் நாமக்கல்லுக்கும் ஒன்று வரும்.

செப்டம்பர் 11
ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான ஆள் ஒருவர் குறைகிறார். வீட்டுக்காரரைக் கேட்டேன். "வருசா வருசம் லாரிக்கே எஃப்.சி. காட்டறேன். என் மண்டைக்கும் ஒண்ணு காட்டிருவோம்" என்று சிரித்தார். இருபத்தாறு வருடமாகக் கேரளாவுக்கு முட்டை லாரி ஓட்டுகிற மண்டை.

செப்டம்பர் 12
வரிசையில் அவர் பதினொன்றாம் எண். பெரிய மெஷின் பழுது. சின்னதில் மட்டும் எடுத்தேன். மூளையின் பின்பக்கம் இருபுறமும் மங்கல். நோயாளிகளின் படத்தில் வரும் மங்கல்.

வீட்டுக்கு வந்து விசாரித்தால், காலையில் பாலும் இரண்டு வாழைப்பழமும்!

"வெறும் வயித்தோட வாங்கன்னு சொன்னேனில்லீங்க?"

"கிருத்திகை புள்ள. விரதம்னா பாலும் பழமுந்தான?"

அப்பாடா. பால்தான் காரணம்.

ஆனால் பால் என்றால் படம் முழுக்கத்தானே மங்க வேண்டும்?

செப்டம்பர் 14
வெண்ணந்தூர் சந்தைக்கு பைக்கில் போனவர் பஸ்ஸில் திரும்பினார். பைக் அங்கேயே நிற்கிறது. மறதி யாருக்குத்தான் இல்லை.

செப்டம்பர் 26
மறுபடி எடுத்தேன். விடியலிலிருந்து பக்கத்திலேயே இருந்து, பச்சைத் தண்ணீர் மட்டும் கொடுத்து. இரண்டு மெஷினிலும். முருகா, சின்ன மெஷின் பொய் சொல்லியிருக்க வேண்டும். அது ஜெயிக்க வேண்டும் என்று வேண்டியவளும் நான்தான்.

செப்டம்பர் 29
பெயர் தெரியாமல், எண்ணை மட்டும் வைத்துப் படம் பார்க்கிறவர் டாக்டர் சந்திரசேகர். கூப்பிட்டார்.

"சுகன்யா, பதினொன்னு யாருங்க? நார்மல் இல்லீங்களே. ரெண்டு மெஷினும் அச்சு அசலா ஒரே இடத்தைக் காட்டுது. மறதி நோய் ஆரம்பம். அம்பத்திமூணு வயசுதானா? வண்டி கிண்டி ஓட்டறாரா?"



அக்டோபர் 6
சின்ன மெஷினை நம்பலாம் என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். எல்லோரும் கை கொடுத்தார்கள்.

லாரிச் சாவி என் கைப்பையில் இருக்கிறது. நாலு நாளாகத் தேடுகிறார். தானே எங்கோ வைத்து மறந்துவிட்டதாக நினைக்கிறார். பாவி நான்.

அக்டோபர் 9
கிருத்திகை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிருத்திகை விரதம்கூட அவர் விட்டதில்லை.

காலையில் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தார். "பசிக்குது புள்ள. முட்டைத் தோசை ரெண்டு ஊத்து."

ஊற்றிக் கொடுத்தேன்.