மறுபக்கத்தில் இங்கிலீஷ் பாட்டு

19 ஜூன் 1982, சனி

துபாயிலிருந்து அவர் பேசி அனுப்பிய கேசட் வந்தது. வழக்கம்போல முதல் பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் எனக்கு மட்டும். முதல் பக்கத்தை அத்தையோடு உட்கார்ந்து கேட்டேன். கிணற்று மோட்டார், அத்தையின் மூட்டுவலி, குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா. கடைசியில், "மங்களேஸ்வரி கேட்டதுக்கு அந்தப் பக்கம் பதில் சொல்லுதேன்."

நான் கேட்டது ஒன்றே ஒன்று. அச்சன்புதூரில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, போகட்டுமா? ஜூலை ஐந்துக்குள் சேர வேண்டும்.

அறைக்குள் போய் மறுபக்கத்தைப் போட்டேன். இங்கிலீஷ் பாட்டு! கித்தார், டிரம், ஆயிரம் பேர் கூச்சல். அரை மணி நேரமும் அதுதான். அவர் குரலே இல்லை. இதுதான் பதிலா?

20 ஜூன்

மூன்று தடவை கேட்டாயிற்று. ஓரிடத்தில் பாட்டை நிறுத்திவிட்டு ஒருவன் ஏதோ சொல்கிறான், கூட்டமே சிரிக்கிறது. எனக்கு எரிச்சலாக வந்தது. கோபமா அவருக்கு? கோபம் வந்தால் யாராவது பாட்டுப் போடுவார்களா?

22 ஜூன்

அத்தை கேட்டாள்: "ஏட்டி, வேலைக்கு என்ன சொல்லுதான்?"

"இன்னும் முழுசாக் கேக்கல, அத்தை."

அரை மணி நேரக் கேசட்டை மூன்று நாளாகக் கேட்கிறேனாம். நல்ல பொய்!

24 ஜூன்

கடிதம் போய்த் திரும்ப ஒரு மாதம். தந்தி அடித்தால் அத்தைக்கு ஏதோ ஆகிவிட்டதென்று பிளேன் ஏறிவிடுவார்.

29 ஜூன்

துபாயில் அவரோடு ஒரே அறையில் இருக்கும் குற்றாலிங்கம் லீவில் வந்திருக்கிறான். சாரலில் நனைந்துகொண்டே வந்து கேட்டது அந்தக் கேசட்டை! அவனுடையதாம்; வெற்றுக் கேசட் என்று நினைத்து அவர் எடுத்துவிட்டாராம். சீமையில் அந்தக் கோஷ்டி ஒரே ஒரு நாள் மேடையில் வாசித்ததை, கூட்டத்திலிருந்த ஒருவன் கோட்டுக்குள் மிஷினை ஒளித்துப் பதிவு செய்ததாம்.

"உலகத்துல பத்து பேருட்ட இருந்தா அதிகம், மதினி. அதுல போயி அண்ணாச்சி மோட்டாரப் பத்திப் பேசிருக்காவளே!"

கண் கலங்கிவிட்டான், பாவம்.

மறுபக்கம் மட்டும் எப்படித் தப்பியது? அழிந்துவிடக் கூடாதென்று அந்தப் பக்கத்து ஓரப் பிளாஸ்டிக்கை இவனே ஒடித்து வைத்தானாம். ஒடித்துவிட்டால் அதில் எதுவும் பதியாதாம். முதல் பக்கத்தை ஒடிக்க மறந்துவிட்டான். அப்படியென்றால் — அவர் பேசியிருக்கிறார்! சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ரெக்கார்டு பொத்தான் அமுங்காததைக் கவனிக்காமல், பதிகிறது என்று நம்பி —

"என்ன சொன்னாவ?"

"புருஷன் பொண்டாட்டி பேச்ச நான் எப்படிக் கேக்க? வெளிய போயிட்டேன்."

"மூஞ்சி எப்படி இருந்துது?"

"வேர்த்திருந்துது. அங்கன எல்லாருக்கும் வேர்க்கும், மதினி."

இவனை என்ன செய்ய!

2 ஜூலை

மகன் குரல் இருக்கிற கேசட்டை அத்தை தரமாட்டாள். கடையில் கொடுத்து மறுபக்கத்தை மட்டும் வேறொன்றில் ஏற்றிக் குற்றாலிங்கத்திடம் கொடுத்தேன். "பாதியாவது மிஞ்சிச்சே" என்று வாங்கிக்கொண்டான். எனக்கு ஒரு சொல்கூட மிஞ்சவில்லை.

4 ஜூலை

போ என்று சொல்லியிருந்தால், சும்மா இருப்பது மடத்தனம். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் — அது எனக்கு வந்து சேரவில்லை. வரவில்லைதானே? பயமாகத்தான் இருக்கிறது.

அத்தையிடம் "போகச் சொல்லிட்டாவ" என்றேன்.

5 ஜூலை

சேர்ந்துவிட்டேன்.

9 ஆகஸ்ட்

அவருடைய கடிதம். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரி: "கேசட்டில் சொன்னபடி செய்தாயா?"

நாலு தடவை படித்தேன். என்ன சொன்னார் என்று அதிலும் தெரியவில்லை.

"சொன்னபடியே செய்தேன். என் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள்" என்று எழுதி, பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டேன்.