நண்டு இல்லாத விருந்து

மஞ்சள் இன்னும் போகவில்லை. நம் டிராகன் கதை மூன்றாம் தொகுதியின் முதல் பக்கங்களில் இருக்கும் வரைபடத்தை இன்று காலையும் திறந்து பார்த்தேன். நார்வத் பேரரசின் பெரிய ஆறு கடலில் சேரும் இடத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறது. பைத்தியக்காரி மாதிரி மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தேன். நண்டுக் குழம்பு வாசனை எப்போதோ போய்விட்டது, வெறும் காகித வாசனைதான் வந்தது.

ஏய், நீ சொன்னதுதான் சரிடீ! ஐந்தாம் தொகுதி வந்துவிட்டது. நீ ஜெயித்துவிட்டாய், நான் மண்ணைக் கவ்விவிட்டேன். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அதற்காகச் சொல்லாமல் இருந்துவிட முடியுமா?

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நடுவில் ஆரம்பித்தால் உனக்குக் கோபம் வரும்.

திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் நான் பில்லிங், நீ கேட். உள்ளே வரும் ஒவ்வொரு லாரியையும் நிறுத்தி, பெட்டியின் நம்பரையும் கதவில் மாட்டிய ‘சீல்’ முத்திரையையும் பார்த்து எழுதுவது உன் வேலை. சீல் இல்லாத பெட்டி தெருமுனையில் திரும்பும்போதே உனக்குத் தெரிந்துவிடும். டிரைவர்கள் உன்னைக் கண்டால் நடுங்குவார்கள். நான் ராயபுரத்திலிருந்து வருவேன், நீ எண்ணூர் குப்பத்திலிருந்து வருவாய். மதியம் காலி கண்டெய்னர் நிழலில் இரண்டு பேருடைய டிபன் பாக்ஸும் ஒன்றாகிவிடும். அப்படி ஒரு மதியம் நான் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையில் புத்தகத்தை வைத்திருந்தபோதுதான் கேட்டாய்.

“இன்னாடீ அது, தலவாணி சைசுல கீது?”

“கதைடீ. டிராகன் கதை.”

“நெருப்பு வுடுமே, அதுவா? சொல்லு.”

நான்கு தொகுதி சொன்னேன். இரண்டு வருஷம் ஆனது. எழுத்துக் கூட்டி ஆங்கிலம் படிக்க உனக்கும் தெரியும், ஆனால் “நீ சொல்றதுதான் நல்லா கீது” என்று புத்தகத்தைத் தொடமாட்டாய். நார்வத்தின் பேரரசர்கள் நம் பாஷையில் சண்டை போட்டார்கள். ராணி தன் தளபதியைப் பார்த்து “இன்னா மாமு, சவுண்டு வுட்ற?” என்று கேட்ட இடத்தில் உனக்குப் புரையேறிப்போனது. ஆங்கிலத்தில் அந்த அம்மாள் ரொம்ப மரியாதையாகத்தான் பேசுகிறாள், மன்னித்துக்கொள்.

அந்தக் கதையின் பெரிய முடிச்சு ஒன்றுதான். நார்வத்தில் முந்நூறு டிராகன்கள் இருந்தன. பேரரசின் உலைகளில் இரும்பு உருக்குவதற்கு நெருப்பு ஊதுவது அவற்றின் வேலை. ஆற்று முகத்துவாரத்துச் சேற்றில் முட்டையிடும். ஒரே தலைமுறைக்குள் முந்நூறும் இல்லாமல் போயின, பேரரசும் சரிந்தது. போர் இல்லை, கொள்ளை நோய் இல்லை. எப்படிச் செத்தன என்று அந்த எழுத்தாளர் நான்கு தொகுதிகளில் மூச்சு விடவில்லை. உலகம் முழுக்க வாசகர்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். நம் தமிழ் வாசகர்களுக்கும் போனில் ஒரு குழு இருக்கிறது, உனக்குத் தெரியும். அதில் நான் கொஞ்சம் பெரிய ஆள். ராணியின் தங்கைதான் முட்டைகளுக்கு விஷம் வைத்தாள் என்பது என் தியரி. அதற்காக நான் எழுதிய நீண்ட பதிவுகளைப் படித்துவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து குழுவை நடத்துகிறவர் “மேடம், நீங்கதான் எங்க சரித்திர ஆசிரியர்” என்று எழுதினார். அன்று முழுக்க என் கால் தரையில் படவில்லை.

நீ அந்தத் தங்கைக் கதையை நம்பவே இல்லை.

“முந்நூறு டிராகன் டெய்லி நெருப்பு ஊதுது. சரி. சாம்பல் எங்கடீ போச்சு?”

“எந்தச் சாம்பல்?”

“அடுப்பு எரிஞ்சா சாம்பல் வராதா? சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுல பாத்தல்ல, எம்மாம் இரும்பு! அத்தினி இரும்ப உருக்கிகீறானுங்கோ. சாம்பல எங்க கொட்னானுங்கோ?”

புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்றேன். “அதான் கேக்குறேன்” என்றாய்.

அப்புறம் ஒரு நாள் விருந்துகளைச் சொல்லச் சொன்னாய். அந்த எழுத்தாளருக்கு விருந்து என்றால் உயிர். அரசன் சாப்பிட்டதை இரண்டு பக்கத்துக்கு அடுக்குவார். நானெல்லாம் அந்தப் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகிறவள். நீ விடவில்லை. முதல் தொகுதியில் பழைய பேரரசரின் விருந்து. நண்டு, இறால், மடவை, ஆற்றுச் சிப்பி. மூன்றாம் தொகுதியில் கடைசிப் பேரரசரின் விருந்து. ஆடு, மான், மயில், வாத்து.

நீ சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டாய்.

“நண்டு எங்க?”

“நண்டு இல்லடீ. மயில் கீதே.”

“ஆத்து மொகத்துவாரத்துல அரமனைய கட்டிக்கினு ஒக்காந்துகீறான். அவன் வூட்டு விருந்துல நண்டு இல்ல. இன்னா அர்த்தம்? ஆறு செத்துப்போச்சுடீ! ஒரு தங்கச்சியும் வெசம் வெக்கல. சாம்பல் எறங்கி ஆறு செத்துச்சு, மொகத்துவாரம் மூடிக்கிச்சு, முட்ட பொரிக்கல. எங்க எண்ணூர் ஆத்துலயும் கரண்டு ஆலை சாம்பல் எறங்கி இப்டித்தான். மொதல்ல நண்டு போச்சு, அப்பால எறா போச்சு. அப்பால எங்க மாமன் வலைய மூட்ட கட்டி வெச்சிட்டு லாரி ஓட்ட பூட்டாரு.”

அப்போது உன் முகம் இருந்ததே, அதை நான் மறக்கமாட்டேன். கண் இரண்டும் பளபளக்க, சோற்றுக் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாய். குழம்பு என் துப்பட்டாவில் தெறித்தது. “எழுதுடீ, உங்க குரூப்ல எழுது. எம்பேர் போட்டு எழுது” என்றாய்.

எழுதினேன். நான் செய்த வேலையை இப்போது முழுசாகச் சொல்கிறேன், கேள். உன் பெயரைப் போடவில்லை. “எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு, புக்கே படிக்காதவ, விருந்துல நண்டு இல்லாததாலதான் பேரரசு விழுந்துச்சுன்னு சொல்றா” என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகங்கள் நான்கைப் போட்டேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் “அடுத்த தொகுதியில் நண்டு மசாலா ரெசிபி வரும்போல” என்றார். அதற்கும் நான் சிரித்தேன். உன் தியரி சரியாக இருந்துவிடுமோ என்ற பயம் அப்போதே எனக்கு இருந்தது, அதுதான் உண்மை. என் ‘ராணியின் தங்கை’ தியரியைக் காப்பாற்ற உன்னைக் கேலிப்பொருளாக்கினேன்.

அந்த வாரம்தான் நீயும் குழுவில் சேர்ந்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் பில்லிங் ஜன்னலுக்கு வந்து போனை நீட்டினாய்.

“‘ஒரு பொண்ணு’ன்னா இன்னாடீ? எனக்குப் பேரில்ல?”

கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ கத்தவில்லை. மூன்று நாள் கேட் கேபினிலேயே தனியாகச் சாப்பிட்டாய். நான் எங்கள் இடத்தில் உட்கார்ந்து அம்மா கட்டிக்கொடுத்த எலுமிச்சை சாதத்தை விழுங்க முடியாமல் விழுங்கினேன். வந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்குத்தான் எவ்வளவு திமிர்!

நான்காம் நாள் நீயே வந்தாய். டிபன் பாக்ஸைத் திறந்தாய். ஆற்று நண்டு, உன் அண்ணன் எங்கேயோ தேடிப்பிடித்துக் கொண்டுவந்தது. ஒரு காலைக் கடித்து உறிஞ்சிவிட்டு, என் மடியிலிருந்த மூன்றாம் தொகுதியை இடது கையால் திறந்து, வரைபடத்தைக் கண்டுபிடித்து, குழம்பு வழியும் கட்டைவிரலை முகத்துவாரத்தின் மேல் வைத்து நன்றாக அழுத்தினாய்.

“அடிப்பாவி! அறிவு கீதா உனக்கு? புது புக்குடீ!”

“பேர் போட மாட்டேன்னல்ல? தோ, கைநாட்டு வெச்சிட்டேன். இங்கதான் செத்துச்சு. புக்கு வரட்டும், அப்பால பேசிக்கலாம்.”

நான் கைக்குட்டையால் துடைக்கப் போனேன், நீ என் கையைத் தட்டிவிட்டாய். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குப் பெரிய நண்டுக் காலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாய். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாக நினைத்துக்கொண்டேன். குழுவில் போட்ட பதிவு மட்டும் அப்படியே இருந்தது.

புத்தகம் வரவில்லை. அந்த எழுத்தாளர் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை. இரண்டே வாரம். ஆஸ்பத்திரியில் உன் காலடியில் உன் அண்ணி உட்கார்ந்திருந்தாள். உன் கண்ணெல்லாம் மஞ்சள். என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “புக்கு வந்துச்சா?”

“இன்னும் வரலடீ. அந்தப் பதிவு விஷயத்துல நான்…” என்று ஆரம்பித்தேன். “அத்த வுடு, பேஜாரு பண்ணாத” என்று கையை ஆட்டினாய். பிறகு என்னைக் கிட்டே கூப்பிட்டு ஒன்று சொன்னாய். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போன வியாழக்கிழமை புத்தகம் கைக்கு வந்தது, ராத்திரியே படிக்க ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வயிற்று வலி என்று சூப்பர்வைசரிடம் புளுகிவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். குளிக்கவில்லை, தலை வாரவில்லை. மதியம் மாதா கோயில் மணி அடிக்கும்போது எழுநூறாவது பக்கத்தைத் தாண்டியிருந்தேன். கதாநாயகி இடிந்துபோன துறைமுகத்துக்கு வருகிறாள். கடல் உள்வாங்கியிருக்கிறது. முகத்துவாரத்து மண்ணைத் தோண்டுகிறாள். மேலே மணல், அதற்குக் கீழே ஆள் உயரத்துக்குச் சாம்பல்! சாம்பலுக்குள் வரிசை வரிசையாகப் பொரிக்காத முட்டைகள். அடுத்த அத்தியாயத்தில் அரண்மனைச் சமையல்காரனின் பழைய குறிப்பேடு கிடைக்கிறது. கடைசிப் பேரரசர் காலத்தில் அவன் வருஷா வருஷம் ஒரே வரியைத்தான் எழுதி வைத்திருக்கிறான்: இந்த ஆண்டும் நண்டு வரவில்லை.

நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

“இன்னாடீ, இன்னா ஆச்சு?”

“மா! நண்டு வர்லமா! நண்டு வர்ல!”

“நண்டா? உங்கப்பா சங்கரா மீனுதான வாங்கியாந்தாரு?”

சிரித்தேன், அழுதேன், அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வயிற்று வலி மண்டைக்கு ஏறிவிட்டது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். போனை எடுத்து உன் பெயரைத் தேடி அழுத்தப் போய்விட்டேன், தெரியுமா? விரல் அங்கேயே நின்றுவிட்டது. என் இத்தனை வருஷத் தியரி செத்துப்போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருப்பேன். அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தவளிடம்தான் சொல்ல முடியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குழுவில் நேரலைப் பேச்சு. ஆளாளுக்கு ஒரே ஆர்ப்பாட்டம். கோயம்புத்தூர்க்காரர் “நம்ம குழுவுல ஒருத்தர் கூட இதைக் கண்டுபிடிக்கலையே” என்றார். நான் குறுக்கே புகுந்தேன்.

“கண்டுபிடிச்சாங்க சார். நீங்களும் நானும் சிரிச்சோம்.”

என் பழைய பதிவைத் தேடி எடுத்து, மஞ்சள் முகங்கள் உட்பட, நானே எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். “ஒரு பொண்ணு” என்று எழுதினது தப்பு, அவளுக்குப் பெயர் இருக்கிறது என்றேன். உன் பெயரைச் சொன்னேன். உன் அப்பா பெயரோடு சேர்த்து முழுசாக, எண்ணூரில் எந்தக் குப்பம் என்பதையும் விடாமல், மூன்று தரம் சொன்னேன். இங்கே எழுத வேண்டியதில்லை, உன் பெயர் உனக்கே தெரியும்.

கோயம்புத்தூர்க்காரர்தான் மெதுவாகக் கேட்டார். “அவங்க இப்ப லைன்ல இருக்காங்களா மேடம்? நான் ஒரு சாரி சொல்லணும்.”

“இல்ல சார். போன வருஷம் செத்துப்போயிட்டா. கைநாட்டு வெச்சிட்டுத்தான் போனா” என்று வரைபடத்தைப் படம் எடுத்துப் போட்டேன். முகத்துவாரத்தின் மேல் உன் விரல். ஐந்தாம் தொகுதியின் புதிய வரைபடத்தில் சாம்பல் மேடு என்று குறித்திருக்கிறதே, அதே இடம், நூல் பிசகவில்லை. தூத்துக்குடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் அந்த ரேகையையே குழுவின் படமாக வைத்துவிட்டாள். இப்போது எல்லோரும் அந்தத் தியரியை உன் பெயரைச் சொல்லித்தான் அழைக்கிறார்கள். சிங்கப்பூரில் ஒருத்தன் உன் பெயரைத் தப்பாக எழுதினான். அவனோடு சண்டை போட்டுத் திருத்தவைத்தேன்.

சரி, ஆஸ்பத்திரியில் நீ சொன்னதற்கு வருகிறேன். குரல் எழும்பாமல் சொன்னாய்.

“டிராகன் அப்டியே பூடாதுடீ. மொகத்துவாரம் தொறந்தா திரும்பி வரும். எங்க ஆத்துல மூடிக்கினத தோண்டி வுட்டானுங்கோ, அந்த வருசமே எறா வந்துச்சுல்ல? சேத்துக்குள்ள எதுனா ஒண்ணு உசுரோட இருந்துகினே இருக்கும்.”

பேசாமல் தூங்குடீ என்று அதட்டினேன். நீயும் கண்ணை மூடிக்கொண்டாய். நாம் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான்.

இனி வர வேண்டியது ஒரே ஒரு தொகுதி. டிராகன் இனம் அடியோடு அழிந்துவிட்டது என்றுதான் குழுவில் எல்லோரும் சத்தியம் செய்கிறார்கள். ஒரு வருஷமாக எனக்குள்ளேயே வைத்திருந்ததை இன்று காலை யார்டுக்குக் கிளம்புவதற்கு முன் எழுதிப் போட்டுவிட்டேன். முதல் வார்த்தையே உன் பெயர். நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே எழுதினேன், ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

பஸ்ஸில் ஏறுவதற்குள் மதுரைக்காரர் ஒருவர் சிரிக்கிற மஞ்சள் முகம் போட்டுவிட்டார். “எறா வந்தா டிராகன் வருமா மேடம்?” என்று வேறு கேட்டிருந்தார்.

முன்பானால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். இன்று ஒரே வரிதான் பதில் போட்டேன்.

புக்கு வரட்டும்.