அக்டோபரில் வராத தேர்தல்

7 செப்டம்பர் 1978
எங்கள் கட்சிப் பிரதமர் டிவியில் வந்தார். தேர்தல் தேதி சொல்வார் என்று பிரிட்டனே காத்திருக்க, இந்த ஆண்டு தேர்தலே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். வார்டு லேபர் கட்சிச் செயலாளர் நான். அக்டோபருக்கு ஹால் பிடித்து, நோட்டீஸும் அடித்தாயிற்று. எதிர்வீட்டு மிஸஸ் ஹார்ட்லி விடுவாளா? "என்ன டோரிஸ், மேசை போட்டாச்சு, விருந்தைக் காணோமே?" நார்மன் விழுந்து விழுந்து சிரித்தான். இவனெல்லாம் ஒரு புருஷன்! இப்போது நடந்தால் ஜெயிப்போம். வீடு வீடாய்ப் போய்ப் பார்த்தவள் நான்.

12 ஜனவரி 1979
பனி. லாரிக்காரர்கள் வேலைநிறுத்தம், கடையில் சர்க்கரை இல்லை. நார்மனுக்கு 30ஆம் தேதி ஆபரேஷன், குடலில் கட்டி. தள்ளிப்போடவே கூடாது என்கிறார் டாக்டர்.

30 ஜனவரி
பாவி மனுஷன். ஆஸ்பத்திரி வாசலில் சம்பள உயர்வு கேட்டு ஊழியர்கள் மறியல். முன்பு பஸ் டிப்போவில் இவனோடு வேலை பார்த்து, இப்போது இங்கே ஊழியனாக இருக்கும் ராய்தான் முன்னால் நின்றான். "உள்ள போ நார்மன், உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டோம்."
"மறியல் நடக்கிற எடத்தத் தாண்டி நான் ஒருநாளும் போனதில்ல. இப்பவா போவேன்?" பெட்டியோடு திரும்பி நடந்தான்.
நான் நடுத்தெருவில் கத்தினேன். உசுரு போயிருமேடா!

2 பிப்ரவரி
அக்டோபரில் ஜெயித்திருந்தால் பிரதமருக்குத் தைரியம் வந்திருக்கும், சம்பளத்தைக் கூட்டியிருப்பார், அந்த வாசலில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். நார்மனிடம் சொன்னேன்.
"கிறுக்கு. அப்பவும் இவனுங்க கேட்டிருப்பானுங்க, அவரு முடியாதுன்னுருப்பாரு."
இருக்கலாம். எனக்கு மனசு ஆறவில்லை.

19 மார்ச்
கடைசியில் ஆபரேஷன் நடந்தது. திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள்.

29 மார்ச்
நேற்று நாடாளுமன்றத்தில் ஒரே ஓட்டில் அரசு கவிழ்ந்தது. மே 3 தேர்தல்.

16 ஏப்ரல்
மறுபடி கதவு தட்டுகிறேன். அன்று கைகுலுக்கியவர்கள் இன்று கதவையே திறப்பதில்லை. மிஸஸ் ஹார்ட்லி கேலியை நிறுத்திவிட்டாள். நார்மனுக்கு சூப் கொண்டுவந்தாள். கேலியே பரவாயில்லை.

3 மே
ஓட்டுப் போட்டே தீருவேன் என்றான் நார்மன். ராய் கார் கொண்டுவந்தான். பள்ளிக்கூடப் படியில் இருவருமாகத் தாங்கிப் பிடித்து ஏற்றினோம். பக்கத்துத் தடுப்பில் நார்மன் பென்சிலால் ஓட்டுக்குறியை அழுத்திப் போடும் சத்தம் கேட்டது. நான் சீட்டை விரித்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வருடம் இந்தக் கட்சிக்காக ஊரைக் கெஞ்சியவள் — கை வரவில்லை. ஒன்றும் போடாமல் மடித்துப் பெட்டிக்குள் தள்ளினேன்.
காரில் என் கையைப் பிடித்துக்கொண்டான். "எது எப்படிப் போனாலும், நம்ம வீட்டு ஓட்டு ரெண்டும் விழுந்திருச்சு, இல்ல?"
"விழுந்திருச்சு" என்றேன்.