படத்தில் மின்னிய பித்தளைப் போல்ட்டுகள்

வல்வெட்டித்துறை

அன்பு மகள் நிவேதனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், நோர்வேயில் நீயும் மருமகனும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். அதற்குமேல் நலம் விசாரிக்க எனக்கு மனமில்லை. ஃபோனில் ஏசினால் வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுக்க வாசி.

பத்மாசினிச் சித்தி நேற்று வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போன வருஷம் உன் அண்ணன் பிரகலாதன், தன் மீன்பிடிப் போட்டில் எஞ்சினைத் தாங்கும் அலுமினியச் சட்டத்திலிருந்த பழைய இரும்புப் போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காது என்று பித்தளைப் போல்ட்டு பூட்டினானே, உன் அண்ணி தாரிகா அதைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாளே, எல்லோரும் வடிவென்று எழுத நீ மட்டும் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தாய். நீ வேலைக்கு நேரமாகி ஓடியிருப்பாய் என்று நினைத்தேன், மடைச்சி நான். உப்புத் தண்ணீரில் எந்த உலோகத்தோடு எதைச் சேர்க்கக்கூடாது என்று கப்பல் பட்டறையில் பார்ப்பதுதானே உன் உத்தியோகம்? பித்தளையும் அலுமினியமும் ஒட்டிக்கொண்டு உப்பில் நனைந்தால் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியம்தான் அரிபடும் என்று இப்போது சித்திக்கு விளக்கம் சொல்கிறாய். அரிப்பைத் தன்மேல் வாங்கத்தான் எஞ்சினில் துத்தநாகக் கட்டி வைத்திருக்கிறார்களாம், பெயிண்ட் மூடினால் அது வேலை செய்யாதாம், அதன்மேலும் அவன் நீலப் பெயிண்ட் அடித்திருந்தது படத்திலேயே தெரிந்ததாம். போல்ட்டைச் சுற்றி அலுமினியம் அரிபட்டு வெள்ளைத் தூளாய்ப் படிந்ததைத் தாரிகா உப்பென்று நினைத்துக் கழுவிக் கழுவி விட்டாள், பாவி.

நடுக்கடலில் சட்டம் பிளந்து, எஞ்சின் அவன் கையை அடித்து முறித்துவிட்டுத் தண்ணீருக்குள் போனது. முறிந்த கையோடு இரவிரவாக அலையில் கிடந்தவனை மயிலிட்டி மீனவரின் போட்டொன்று இழுத்து வந்தது. நானும் தாரிகாவும் கரையில் நின்ற நிலையை உனக்கு எழுத முடியாது. அதற்குப் பிறகும் நீ சித்தியிடம் சொல்லியிருக்கிறாய்: "படத்தைப் பாத்த அண்டைக்கே எனக்குத் தெரியும். என்ரை கலியாணத்துக்கே வராதவருக்கு நான் ஏன் சொல்லவேணும்?"

அவன் வராதது பிழை. அதற்கு அவனை நான் ஏசாத ஏச்சில்லை. ஆனால் அவன் உன் கலியாணத்துக்கு வராததால் ஒருவரும் சாகவில்லை, நிவேதனா. நீ வாயை மூடியதால் அவனுடைய இரண்டு பிள்ளைகள் தகப்பனில்லாமல் நின்றிருக்கும். உன்னைப் பெற்ற வயிறு எரிகிறது.

கை மெல்ல மெல்லப் பொருந்தி வருகிறது. பழைய எஞ்சின் ஒன்று எடுத்திருக்கிறான், துருவேறா உருக்குப் போல்ட்டும் வாங்கி வைத்திருக்கிறான், ஆனால் பூட்டப் பயப்படுகிறான். முந்தாநாள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "அம்மா, உது சரியோ எண்டு அவளிட்டை ஒருக்காக் கேளுங்கோ."

கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கதை சுமந்து எனக்கு அலுத்துவிட்டது. எந்தப் போல்ட்டு, இரண்டு உலோகமும் தொடாமல் நடுவில் என்ன வாசர், எதற்குப் பெயிண்ட் அடிக்கக்கூடாது, எல்லாவற்றையும் நீயே அவனிடம் சொல்லு. முதலில் அவன் ஏசுவான், கேட்டுக்கொண்டிரு. பிறகு நீ ஏசு. அதுவரை போட்டைக் கடலில் இறக்க நான் விடமாட்டேன்.

குளிருக்குள் வெறுந்தலையோடு திரியாதே. அம்மன் உன்னைக் காக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன். அவன் விடிய எழும்பிவிடுவான், அப்போதே அவனுக்கு ஃபோன் எடு.

கோபம் ஆறாத அம்மா
குணலட்சுமி