ஒரு கட்டிலுக்கு ஒரு பாஸ்

கள்ளக்குறிச்சி
20.1.2025, திங்கள்

அன்புள்ள நிர்மலாவுக்கு,

நலமா என்று கேட்கிற இடத்தில் நீ இல்லை. அதனால் கேட்கவில்லை.

போனில் பேசினால் அம்மா காதில் விழும். மெசேஜ் அனுப்பினால் உன் போனை என் தம்பி அன்புச்செல்வன் எடுத்துப் பார்ப்பான். ஆகவே இந்தக் காகிதம். சாப்பாட்டுப் பையில் கேரியருக்கு அடியில் வைக்கிறேன். ஆட்டோ சிவசங்கர் ஆஸ்பத்திரி வாசலில் கொடுப்பார். காலி கேரியரோடு பதில் அனுப்பு.

இன்று காலை அம்மாவின் இடுப்பு எலும்புக்கு ஆபரேஷன் என்றார்கள். மதியம், தள்ளிவைத்தாயிற்று என்று சிவசங்கர் வந்து சொல்கிறார். என்ன காரணம்? கேட்டாயா? வரப்பில் விழுந்த மனுஷியை இப்படியே படுக்க வைத்திருந்தால் நெஞ்சில் சளி கட்டும், முதுகில் புண் வரும். எந்த மாத்திரை கொடுத்தாலும் எதற்கு என்று கேள். அம்மாவின் சர்க்கரை மாத்திரை அட்டையை நர்ஸிடம் காட்டு. காதில் மூக்கில் கிடப்பதைக் கழற்றி நீயே வைத்துக்கொள். பார்க்க வருகிறவர்களைக் கட்டிலில் உட்கார விடாதே.

ஆபரேஷனுக்கு என் கையெழுத்தும் வேண்டும் என்று உன் கணவன் சொல்லியனுப்பினான். மகன் போட்டால் போதாதா? பொங்கல் சீர் கொண்டுவந்த பையில், கரும்புக்கும் மஞ்சள்கொத்துக்கும் நடுவே, அப்பா நிலத்தில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிய விடுதலைப் பத்திரத்தையும் வைத்துக் கொண்டுவந்தவன் அவன். அங்கே வந்தால் எந்தக் காகிதத்தை நீட்டுவானோ. நான் வரமாட்டேன். சாப்பாடு வரும்.

செந்தமிழ்ச்செல்வி

•

ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
21.1.2025

அன்பு அண்ணிக்கு நிர்மலா எழுதுவது.

அத்தை நேற்று உங்கள் ரசத்தைக் குடித்துவிட்டு, "உப்பு கம்மி. வாத்தியாரம்மா அளந்து போட்டிருப்பா" என்றார். அதனால் தெம்பாக இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளிவைத்த காரணம் டாக்டர் இல்லை. முந்தின இரவிலிருந்து தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். வயிற்றில் எதுவும் இருந்தால் மயக்கத்தில் மேலே ஏறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுமாம். காலையில் தள்ளுவண்டியில் ஏற்றியபோது மயக்க டாக்டர், "சாப்பிட்டீங்களாம்மா?" என்றார். அத்தை, "ஓ, ஆச்சே. சாமைக் கஞ்சி ஒரு டம்ளர்" என்றார். அவ்வளவுதான், வண்டி திரும்பிவிட்டது.

பக்கத்துக் கட்டிலில் கரியாலூர் ஆயம்மாள். மலையிலிருந்து அவர்களைப் பார்க்க வருகிறவர்கள் தூக்குத் தூக்காகக் கஞ்சி கொண்டுவருகிறார்கள். நம் ஊரிலும் அப்படித்தானே. நோயாளி ஒரு வாய் சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் யாரும் எழுந்து போவதில்லை. நான் முகம் கழுவப் போன நேரத்தில் நடந்திருக்கும். இனி நகரமாட்டேன். அடுத்த தேதி வியாழக்கிழமை.

சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டது. அவர் கரும்பு வெட்டு ஆட்களோடு மூங்கில்துறைப்பட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார். உங்கள் பங்கைப் பற்றி யோசிக்க அவருக்கு இப்போது நேரமில்லை.

நிர்மலா

•

கள்ளக்குறிச்சி
23.1.2025

நிர்மலாவுக்கு,

இன்றும் தள்ளிவைத்துவிட்டார்கள். இன்றும் அம்மா சாப்பிட்டிருக்கிறார். நகரமாட்டேன் என்று எழுதியவள் நீ.

ஒருமுறை நடந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். இரண்டாம் முறை, அதுவும் தள்ளுவண்டியில் ஏற்றும் காலையிலேயே, எப்படி? வெளிப்படையாகவே கேட்கிறேன். வெட்டு முடியும்வரை ஆபரேஷன் வேண்டாம் என்று உன் கணவன் நினைக்கிறானா? அல்லது நான் மனம் இளகி வந்து நிற்கும்வரை இழுக்கிறீர்களா? கல்லூரியில் இருபது வருஷமாகப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறேன். தாமதத்தால் யாருக்கு லாபம் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

நாளைமுதல் நான் அனுப்புவதைத் தவிர வேறெதுவும் அம்மா வாயில் போகக் கூடாது.

செ.

•

பெண்கள் வார்டு
25.1.2025

அண்ணிக்கு,

நீங்கள் அனுப்பியதைத் தவிர வேறெதுவும் போகவில்லை. வியாழக்கிழமை அத்தை தின்றது நீங்கள் தேநீருக்கு அனுப்பிய ரஸ்க். இன்று தலையணை உறை மாற்றும்போது இன்னும் இரண்டு உதிர்ந்தன.

ஆயம்மாளின் மருமகள் ஜெயசுதா சிரித்துவிட்டாள். "ஒனக்குத் தெரியாதாக்கா? டாக்டர் வர்ற சத்தம் கேட்டாத்தான் ஒங்க ஆயா வாயில போடும். அன்னிக்கும் எங்க கஞ்சியக் கேட்டு வாங்கிக் குடிச்சிச்சு" என்றாள்.

அத்தையிடம் கேட்டேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "என் பொண்ணு கூப்பிடு தூரத்துல இருந்துகினு சோறு மட்டும் அனுப்புறா. அவ வந்து பக்கத்துல நிக்கட்டும். அப்பறம் இன்னா வேணா அறுத்துக்குங்க" என்றார். உங்கள் கையெழுத்தும் வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னதும் அவர்தான். உங்கள் தம்பி இல்லை.

முதுகு சிவக்க ஆரம்பித்திருக்கிறது. இதற்குமேல் தள்ளினால் நல்லதில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கள்கிழமை கடைசி. வாருங்கள்.

நிர்மலா

•

கள்ளக்குறிச்சி
25.1.2025, மாலை

நிர்மலா,

கதை நன்றாக இருக்கிறது. நன்றாக இருப்பதால்தான் தயக்கமாக இருக்கிறது. எங்கே அடித்தால் எனக்கு வலிக்கும் என்று தெரிந்து எழுதியதுபோல இருக்கிறது.

அம்மா அப்படிச் சொன்னாரா என்று அவரிடமே கேட்க வேண்டும். நீயும் அவனும் பக்கத்தில் நின்றால் அவர் வேறு மாதிரிதான் பேசுவார். பார்வையாளர் நேரமோ நாலு மணிமுதல் ஆறுவரை, அதுவும் கூட்டத்தோடு. தனியாகக் கேட்க வழியில்லாதபோது நான் எதை நம்பி வர?

செ.

•

ஆஸ்பத்திரி வாசல்
26.1.2025

அண்ணிக்கு,

கேரியரின் மேல்தட்டைத் திறந்து பாருங்கள். மஞ்சள் அட்டை ஒன்று இருக்கும். ஒரு கட்டிலுக்கு ஒரு பாஸ்தான். அதில் பெயர் கிடையாது, கட்டில் எண் மட்டுமே. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் இரவு உள்ளே தங்கலாம். அது இல்லாமல் வாட்ச்மேன் என்னை இனி விடமாட்டார். கேட்டுப் பார்த்துவிட்டேன். "கலெக்டரே வந்தாலும் பாஸ் இன்னா ஆச்சுன்னு கேப்பேன்" என்கிறார்.

உங்கள் தம்பி தோட்டத்தில். நான் வேப்பமரத்தடி பெஞ்சில். அத்தை அருகில் இருட்டும்வரை ஜெயசுதா உட்கார்ந்திருப்பாள். அதற்குமேல் அவள் ஆயம்மாளைப் பார்க்க வேண்டும். கூட ஆள் இல்லாவிட்டால் நாளை ஆபரேஷனுக்கு எடுக்கமாட்டார்கள்.

தனியாகக் கேட்க வேண்டும் என்றீர்கள். கேளுங்கள்.

நிர்மலா

•

பெண்கள் வார்டு
27.1.2025

அன்புள்ள நிர்மலாவுக்கு,

இதை ஜெயசுதா பெஞ்சுக்குக் கொண்டுவந்து கொடுப்பாள்.

அம்மாவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். வயிறு காலி. அதற்கு நான் பொறுப்பு. தலையணையையும் போர்வையையும் உதறிப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நேற்று என்னைப் பார்த்ததும் அம்மா அழவில்லை. "சோத்துக்கு இன்னா கொண்டாந்த?" என்றார். எதுவும் இல்லை, இனி நாளை மாலைதான் என்றேன். சரி என்று கண்ணை மூடிக்கொண்டார். நீ எழுதியதைக் கேட்டேன். அம்மா சொன்னார்: "ஒரு ரஸ்குதான் பாக்கி இருந்துது. நீ வராம இருந்திருந்தா அதுக்கப்பறம் இன்னா பண்ணியிருப்பனோ."

காலையில் அன்புச்செல்வன் பையோடு வந்தான். நான் பையைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டான். "தொறந்து பாத்துக்கோக்கா" என்று நீட்டினான். பார்த்தேன். எக்ஸ்ரே, துண்டு, அம்மாவின் மாத்திரை. சம்மதப் படிவத்தை இரண்டு பக்கமும் படித்துவிட்டு, நோயாளியுடன் இருப்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "இன்னும் நம்பலியா?" என்றான். பத்திரம் விஷயத்தில் நம்பவில்லை என்றேன். தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு இரண்டு பேருக்கும் டீ வாங்கிவந்தான். குடித்தேன்.

நீயும் அம்மாவும் பேசிவைத்துக்கொண்டுதான் இதைச் செய்தீர்களா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் இருக்கிறது. கேட்கப்போவதில்லை.

என் வீட்டுச் சாவி சிவசங்கரிடம் இருக்கிறது. நீ போய்க் குளித்துவிட்டுத் தூங்கு. டாக்டர் சொன்ன பிறகு சாப்பாடு கேட்டு அனுப்புகிறேன். ரசத்தில் உப்பு கொஞ்சம் கூடவே போடு.

பாஸ் என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி