சுவரோரம் நான்கு உதை

மருமகளே,

நீ போனை எடுக்காததால் எழுதுகிறேன். சத்தத்தை வைத்தே பழைய பைக்கின் நோயைச் சொல்கிறவன் இந்த ஜில்லாவில் உன் தாய்மாமன் ஒருத்தன்தான். சாத்தூரிலிருந்து மூன்று மெக்கானிக்குகள் என்னிடம் பாடம் கேட்டுப் போயிருக்கிறார்கள். சரி, ஒருத்தர்.

அன்றைக்கு உனக்குச் சாப்பாடு கொண்டு வந்தபோது உங்கள் பட்டாசுக் கம்பெனி வாசலில் வண்டி நின்றுவிட்டது. பிளக்கைக் கழற்றி, எஞ்சின்மேல் ஒட்டிப் பிடித்து, கிக்கரை உதைத்தால் நுனியில் நீலப்பொறி வர வேண்டும். உச்சி வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ஒரு சுவரோரம் மட்டும் நிழல் கிடந்தது. தள்ளிக்கொண்டு போனேன்.

நான்கு உதை உதைத்தும் பொறி வரவில்லை. ஃபோர்மேன் ஓடி வந்து, "யோவ், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பொண்ணுக வெடிமருந்து அடைக்குதுக" என்றார். நீ மருந்துக் கையோடு வெளியே வந்தாய்.

"ஒங்க வண்டி கிளம்புறதுக்கு நாங்க பதினோரு பேரும் போய்ச் சேரணுமா மாமா?"

அதற்கப்புறம் நீ என்னிடம் பேசவில்லை.

டீக்கடையில் ஃபோர்மேனை நான் விரட்டியதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் அப்படி எழுத வரவில்லை.

நேற்று வீட்டில் பிரித்துப் பார்த்தேன். பிளக்குக்குக் கரண்ட் விடுகிற பாயிண்டில் கரி பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, ஒரே உதை. பொறி பளிச்சென்று அடித்தது. அன்றைக்குப் பையில் உப்புத்தாள் இருந்திருந்தால் அந்தச் சுவரோரமே தேய்த்திருப்பேன், பொறியும் அங்கேயே அடித்திருக்கும். உப்புத்தாள் இல்லாமல் வந்தது என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். தெருவில் நிற்கவைத்தே திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தாய்மாமன்